பேரல் தண்ணீர்

ராஜபாண்டி ஓங்கிய மூங்கில் நதியாவின் தோளில் இறங்கியபோது முத்துலட்சுமி ஆட்டோவிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தாள். பாடை கட்டுவதற்காக வெட்டிப் போட்டிருந்த பச்சை மூங்கில் அது. நதியா முன்னால் சரிந்து, பெஞ்சில் கிடத்தியிருந்த புருஷனின் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுகையெல்லாம் முடிந்து வெகுநேரமாகியிருக்க வேண்டும். நெற்றி பிளந்து, ரத்தம் புருவத்தில் காய்ந்து போயிருந்தது.

தோட்டத்து வீட்டு வாசலில் கோம்பை ஊரே திரண்டு நின்றது. திராட்சைப் பந்தல் ஓரமெல்லாம் ஆட்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "பாத்துப்பா, பாத்து" என்று ஒருவர் ராஜபாண்டியிடம் சொன்னார். அவர் கவலை மூங்கிலைப் பற்றியதாக இருந்திருக்கலாம்.

"அண்ணே!"

முத்துலட்சுமி கையிலிருந்த தண்ணீர் சோதனைப் பெட்டியோடு ஓடினாள். அடுத்த அடி அவள் முழங்கையில் விழுந்தது. விரல்நுனி வரை மரத்துப் போனது. பெட்டியை மட்டும் விடவில்லை.

"வெலகுத்தா" என்றான் ராஜபாண்டி. மூச்சு வாங்கியது. "நம்ம சண்முகத்தக் கொன்னுட்டா இந்த முண்ட. வெலகு நீ."

"யாரு சொன்னா?"

"டாக்டரே சொல்லிட்டாரு, வெசம்னு. கஞ்சியில கலந்து குடுத்திருக்கா. செத்துத் தொலைங்கன்னு நேத்து சாயங்காலம் இவ கத்துனது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கு. வேணும்னா தமிழ்மாறனக் கேளு."

பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்மாறன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டது உண்மைதான். அந்தப் பள்ளத்தாக்கில் 'செத்துத் தொலை' என்று புருஷனைச் சொல்லாத பெண்டாட்டி யார்? சொன்னதோடு நின்றுபோனால் அது குடும்பம். சொன்ன மறுநாளே அவன் செத்துப்போனால் அதற்கு ஊர் வேறு பெயர் வைத்துவிடுகிறது. நதியா மயிலாடும்பாறையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், பிள்ளையும் இல்லை. பெயர் வைப்பதற்கு இவை போதும்.

ராஜபாண்டியின் பெண்டாட்டி சந்தனம்மாள் நதியாவின் கூந்தலைக் கையில் சுற்றிக் கீழே இழுத்து உட்கார்த்தினாள். "செய்யிறதையும் செஞ்சுட்டு கால வேற புடிக்கிறியாடி."

"விடுங்க பெரிய மதினி!" முத்துலட்சுமி கத்தினாள். சந்தனம்மாள் விடவில்லை.

முத்துலட்சுமி அப்போதுதான் சண்முகராஜைப் பார்த்தாள். காலையில் பண்ணைப்புரத்துப் பக்கம் மேல்நிலைத் தொட்டிகளில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, சின்ன அண்ணன் போய்விட்டான் என்றுதான் போனில் சொன்னார்கள். வரும் வழியெல்லாம் மாரடைப்பு என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அவன் உதடு நாவல்பழம் தின்ற வாய் போல இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். நகங்களும் அதே நிறம். மாரடைப்பில் செத்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அப்பாவே அப்படித்தான் போனார். அவர் நகம் இப்படி இல்லை.

அந்தக் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. வாரம் தவறாமல் அவளுக்குப் போன் பண்ணி, "ஏத்தா முத்து, இன்னைக்கு எந்த ஊருத் தண்ணிக்கு ஜாதகம் பாத்த?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிற ஆள். தேனியில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன்தான். அழுதால் நதியா மதினி செத்துப்போவாள் என்று தோன்றியதால் அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"தமிழு, ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு? நீதான கொண்டு போன?"

"உத்தமபாளையம் கொண்டு போறப்பவே மூச்சுக்கு இழுத்துக்கிட்டு இருந்தாக. டாக்டரு ஊசி குத்துனாரு." தமிழ்மாறன் தயங்கினான். "ரத்தம் செவப்பா வரல முத்து. காப்பித்தூளக் கரைச்ச மாதிரி வந்துச்சு. டாக்டரே அப்பிடியே நின்னுட்டாரு. கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, போலீசுக்குச் சொல்லுங்கன்னாரு. பெரியவுகதான் அறுக்க விடமாட்டேன்னு இங்கன தூக்கிட்டு வந்துட்டாக."

காப்பித்தூள் என்ற சொல் முத்துலட்சுமியின் மண்டைக்குள் எங்கேயோ போய்த் தட்டியது. பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் எத்தனையோ உப்பு இருக்கிறது; நைட்ரைட்டை மட்டும் ஏன் இவ்வளவு நுணுக்கமாகத் தேட வேண்டும் என்று யாரோ கேட்டதற்குச் சொன்ன பதில் அது. வயிற்றுக்குள் போனால் அது ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் அதன்பிறகு மூச்சுக்காற்றைச் சுமக்காது. உதடு நீலமாகும், ரத்தம் பழுப்பாகும். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு ஆகும் என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். மூட்டை தூக்குகிற ஆம்பிளைக்கு ஆக வேண்டுமென்றால் கொஞ்சநஞ்சம் போதாது.

அவள் நதியாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "மதினி, அண்ணன் காலையில என்ன சாப்ட்டாக?"

"ஒண்ணும் திங்கல." நதியாவின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. "எம்மேல உள்ள கோவத்துல தூக்குவாளியத் தொடவே இல்ல. மோட்டார் ரூம்புலதான் கெடக்கு, போய்ப் பாருங்க. வெறும் வயித்துல தண்ணியத்தான் குடிச்சிருக்காக."

"கோவம் எதுக்கு? என்ன சண்ட?"

நதியா ராஜபாண்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு முத்துலட்சுமிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பேரலுக்கு. பெரியவுக நேத்து கொண்டாந்து எறக்குனாக. மில்லுப் பேரல். அடியில என்னமோ வெள்ளையா ஒட்டிக்கிட்டு கெடக்கு, இதுல குடிக்கிற தண்ணி வேணாம், திருப்பிக் குடுங்கன்னு சொன்னேன். எங்கண்ணன் கொண்டாந்தத வேணாம்ங்கிறியான்னு அடிக்க வந்தாக. அப்பத்தான் அப்பிடிச் சொல்லிப்புட்டேன்."

நெஞ்சில் கைவைத்து முத்துலட்சுமி வேண்டிக்கொண்டாள், அந்த வெள்ளை நைட்ரைட்டாக இருக்கக் கூடாது என்று. அதுவாக இருந்தால் மதினி பிழைப்பாள். ராஜபாண்டி என்ன ஆவான்? சண்முகராஜைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். அப்பா செத்த பிறகு தம்பி படிக்க வேண்டுமென்று தான் லாரிக்குப் போனவன். தம்பி படிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு அண்ணன் பெஞ்சில் கிடக்கிறான். உண்மையைச் சொன்னால் இன்னொருவனும் பிழைக்க மாட்டான். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணை இங்கேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள்.

அவள் எழுந்தாள். "அண்ணே, மோட்டார் ரூம்புல இருக்கிற பேரல் தண்ணியப் பாக்கணும்."

"எதுக்கு?"

"அண்ணன் அதைத்தான் குடிச்சிருக்காக."

ராஜபாண்டிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் முகம் கறுத்தது. "ஏலே, கேட்டீகளா? எந்தம்பி தூரத்துல இருந்து கொடத்தத் தூக்கிட்டு நடக்குறானேன்னு நான் வாங்கியாந்த பேரலு. நானே அலசி, நானே மோட்டாரப் போட்டு ரொப்புனேன். அதுல வெசமாம்! அவ சொல்லிக் குடுத்தா நீயும் கெளம்பிட்டியா?"

"அடியில வெள்ளையா இருந்துச்சாமே."

"சுண்ணாம்புடி! நம்ம ஊருப் போர்த் தண்ணிக்கு எந்தப் பாத்திரத்துல சுண்ணாம்பு இல்ல? ஒன் வீட்டுக் குண்டாவுல இல்ல?"

கூட்டம் தலையாட்டியது. அதில் தப்பில்லை. அந்தப் பகுதியில் குடத்தின் அடியில் வெள்ளை படியவில்லையென்றால்தான் ஆச்சரியப்படுவார்கள். மில்லில் கழித்துப் போட்ட நீலப் பேரல் இல்லாத தோட்டமும் கிடையாது. மருந்து கலக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, குளிக்க. எல்லோரும் ரெண்டு அலசு அலசிவிட்டுப் புழங்கியவர்கள்தான், யாரும் சாகவில்லை.

"வா, எல்லாரும் வாங்க" என்றான் ராஜபாண்டி. "ஒங்க முன்னாலயே அந்தத் தண்ணியக் குடிச்சுக் காட்டுறேன். அப்பறம் இவள வெட்டுனா எவனும் என்னக் கேக்கக் கூடாது."

பாடை கட்ட வந்தவனின் பக்கத்தில் கிடந்த அரிவாளை ராஜபாண்டி எடுத்துக்கொண்டு நடந்தான். சந்தனம்மாள் நதியாவைக் கூந்தலோடு இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். நதியாவின் கால் வரப்பில் இடறியது. பிணத்துக்குப் பக்கத்தில் ஒப்பாரி வைத்த பெண்கள்கூடப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள்.

மோட்டார் ரூம் நிழலில் பேரல் நின்றது. மேல்பக்கத்தை அறுத்து எடுத்திருந்தார்கள். பக்கத்தில் செம்பு கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அடுத்து தூக்குவாளி. முத்துலட்சுமி அதைத் திறந்து காட்டினாள். கஞ்சி விளிம்பு வரை இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. தொட்டுக்கொள்ள வைத்த துவையல்கூட வைத்தபடி இருந்தது.

"ஒரு வாய் குடிச்சிட்டு மூடியிருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். கோபத்தில் இருக்கிறவர்களுக்கு எதைக் காட்டியும் பிரயோஜனமில்லை.

ராஜபாண்டி செம்பை எடுத்துப் பேரலுக்குள் முக்கினான். நிறையத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனான். முத்துலட்சுமி பாய்ந்து தட்டினாள். செம்பு அவன் பல்லில் இடித்துத் தரையில் உருண்டது. அவன் ஓங்கி ஒரு அறை விட்டான். அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. கல்யாணமாகிப் போன பிறகு அண்ணன் அவளைக் கைநீட்டி அறைந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒரு அண்ணன் போதும் செத்தது!" என்று அவள் கத்தினாள். "நான் சோதிச்சுச் சொல்றேன். இதுதான எனக்கு வேல? அதுவரைக்கும் நீ குடிக்காத, அவுக மேலயும் கை வைக்காத."

"எப்பிடிச் சோதிப்ப?"

"ரெண்டு மருந்து ஊத்துவேன். வெசம் இருந்தா தண்ணி ரோஸ் ஆகும்."

"ஆகலைன்னா?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். நதியாவும் பார்த்தாள். வேறு வழி தெரியவில்லை.

"ஆகலைன்னா, நீ என்ன வேணா செஞ்சுக்க."

பெட்டியைத் திறந்து மோட்டார் திண்டில் வைத்தாள். முழங்கை வலியில் விரல் மடங்க மறுத்தது. கண்ணாடிக் குழாயில் பேரல் தண்ணீரை எடுத்தாள். முதல் மருந்தைச் சொட்டு விட்டுக் குலுக்கினாள். சொல்லி வாயில் நுழையாத பெயருள்ள இரண்டாவது மருந்தை, ஆபீசில் எல்லோரும் என்இடி என்று சுருக்கிச் சொல்வதை, விட்டாள். ஒரு லாரி நிறையத் தண்ணீரில் ஒரு சிட்டிகை நைட்ரைட் கலந்திருந்தாலும் இந்த இரண்டும் சேர்ந்து இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை ஊர்த் தண்ணீருக்குப் போட்டிருக்கிறாள்! ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

குழாய்க்குள் ஒரு கணம் சிவப்பாக எதுவோ ஓடியது. உடனே மறைந்தது. தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, வடித்த டீயைப் போல நின்றது.

முத்துலட்சுமி குலுக்கினாள். இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். நிறம் மாறவில்லை.

"ரோசா இது?" என்றான் ராஜபாண்டி.

முத்துலட்சுமி குழாயை வெயிலுக்கு நேரே திருப்பினாள்.

"ரோசான்னு கேட்டேன்."

"இல்ல" என்றாள். ஒரு துளி, உண்மையாகவே ஒரு துளி, அவளுக்கு நிம்மதிகூட வந்தது. பேரலில் ஒன்றும் இல்லை, பெரிய அண்ணன் தப்பித்தான் என்று. அதே நொடியில் சந்தனம்மாள் நதியாவின் தலையைப் பின்னால் இழுத்துக் கழுத்தைத் தூக்கிக் காட்டுவதைப் பார்த்தாள். ராஜபாண்டி அரிவாளைக் கைமாற்றிப் பிடித்தான். நதியா கண்ணை மூடவில்லை. அவனையே பார்த்தாள்.

தமிழ்மாறன் குறுக்கே விழுந்தான். காலையிலிருந்து குனிந்த தலையை அவன் அப்போதுதான் நிமிர்த்தினான். "வேணாம் மாமா! நானும் சண்டன்னுதான் சொன்னேன், அவுகதான் கொன்னாகன்னு சொல்லல!" அரிவாளை வெறுங்கையால் பிடித்துவிட்டான். உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கைக்கு ஓடியது. நல்ல சிவப்பு ரத்தம். முத்துலட்சுமி அதையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த பழுப்புக் குழாயைப் பார்த்தாள்.

லேபில் ஷெரின் என்ற பெண் புதிதாகச் சேர்ந்திருந்தபோது, அளவு ஒப்பிட வைத்திருக்கும் கெட்டி நைட்ரைட் கரைசலில் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே குழாயில் ஊற்றிவிட்டு, நிறமே வரவில்லை, மருந்து கெட்டுப்போயிற்று என்று அழுதாள். அன்றைக்கு அவள் குழாயிலும் இதே டீ நிறம்தான் இருந்தது. மருந்து கெடவில்லை. மிகக் கொஞ்சத்தைக் கண்டுபிடிக்கச் செய்த மருந்து அது. அளவுக்கு மேலே போனால் நைட்ரைட்டே அந்த நிறத்தை எழவிடாமல் தின்றுவிடும்.

"அண்ணே! வரலைன்னா இல்லைன்னு இல்ல! ரொம்ப இருக்கு! ரொம்ப ரொம்ப இருக்கு, அதான் வரல!"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தேவிட்டான். "வந்தாலும் வெசம்ங்குற, வரலைன்னாலும் வெசம்ங்குற. நல்ல சோதனதான்!"

அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் கேட்டிருப்பாள். பெட்டியிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். புதுக் குழாயில் ஊற்றி, இரண்டு மருந்தையும் விட்டாள். உயர்த்திப் பிடித்தாள்.

"இது நல்ல தண்ணி. எல்லாரும் பாருங்க, நெறம் வரல. வருதா?"

வரவில்லை. தெளிவாக நின்றது.

"இப்ப இந்தப் பாட்டில் முழுக்கத் தண்ணி இருக்கு. பேரல்ல இருந்து இதுல ஒரே ஒரு சொட்டு விடப்போறேன்."

சொட்டுக் குழாயைப் பேரலில் தோய்த்து எடுத்தாள். பாட்டில் வாய்க்கு மேலே பிடித்தாள். இதை விட்டால் பெரிய அண்ணன் போனான். விடாமல் இருக்க முடியுமா? தமிழ்மாறன் கையில் சொட்டிய ரத்தம் அரிவாளின் பிடி வரை போய்விட்டது. அவன் இன்னும் எத்தனை நேரம் பிடித்திருப்பான்?

விட்டாள். மூடி குலுக்கினாள். அதிலிருந்து கொஞ்சம் குழாயில் எடுத்து மருந்துகளைச் சேர்த்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியில் லேசாகக் கசிந்தது. நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியும் அவள் துடைக்கவில்லை. இளஞ்சிவப்பு மெல்ல மேலேறியது. கடையில் விற்கிற ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. பன்னீர் திராட்சைச் சாறு போல அடர்ந்தது. வெயிலில் அதைப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"ஒரு சொட்டு" என்றாள். "ஒரு பாட்டிலுக்கு ஒரு சொட்டு. அண்ணன் செம்பு செம்பாக் குடிச்சிருக்காக. வெறும் வயித்துல. நம்ம தண்ணி எப்பவும் உப்புக் கரிக்கும், அதனால வித்தியாசம் தெரிஞ்சிருக்காது."

ராஜபாண்டி குழாயைப் பார்த்தான். ரசாயனம் எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் கண்ணெதிரே தெளிந்த தண்ணீர் ஒன்றும், சிவந்த தண்ணீர் ஒன்றும் இருந்தன. நடுவில் இருந்தது அவன் கொண்டுவந்த பேரலின் ஒரு சொட்டு. அரிவாள் கையிலிருந்து நழுவியது.

"அலசுனேனே" என்றான். "ரெண்டு தடவ அலசுனேனே முத்து. மில்லுல குளுரு மெசினுக்குத் துருப்புடிக்காம ஊத்துற மருந்துதான் இருந்துச்சு, அலசிட்டுப் பொழங்குன்னாங்கெ. அலசுனேன். சுண்ணாம்புன்னு..."

முடிக்கவில்லை. திரும்பிப் பேரலின் விளிம்பைப் பிடித்து முகத்தை உள்ளே முக்கினான்.

கூட்டத்துக்கு அப்போதுதான் கை கால் இருப்பது ஞாபகம் வந்தது. நாலைந்து பேர் அவன் இடுப்பையும் முடியையும் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவன் ஒருவன் கையைக் கடித்தான். இன்னொருவனின் வயிற்றில் உதைத்தான். வாயில் நுரையும் தண்ணீருமாகக் கத்தினான். "விடுங்கடா! எந்தம்பி குடிச்சதுதானடா! நானும் குடிக்கிறேன், விடுங்கடா!" தரையில் அமுக்கிப் படுக்கப்போட்டு முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். முத்துலட்சுமி அவன் வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். அவன் அவள் விரலையும் கடித்தான். அவள் எடுக்கவில்லை. ஒரு மிடறுக்கு மேலே உள்ளே போகவில்லை, அதுவும் வெளியே வந்துவிட்டது.

சந்தனம்மாள் எப்போதோ கூந்தலை விட்டிருந்தாள். கை விரல்களில் நதியாவின் முடி கற்றையாகச் சிக்கியிருந்தது. அதை உதறத் தெரியாமல் அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நதியா சுவரைப் பிடித்து எழுந்தாள். தரையில் முகம் புதைந்து கிடந்த ராஜபாண்டியின் அருகே வந்து நின்றாள். அமுக்கிப் பிடித்திருந்தவர்கள் பயந்து நிமிர்ந்தார்கள். அரிவாள் அவள் காலடியில்தான் கிடந்தது.

"நல்லாப் புடிங்க" என்றாள். "சாக விட்றாதீக. அவுக இருக்கணும். இருந்து அனுபவிக்கணும்."

முத்துலட்சுமி போலீசுக்குப் போன் பண்ணினாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. பேரலுக்கு மூடி போட்டு முத்திரை வைத்து ஏற்றினார்கள். சண்முகராஜையும் ஏற்றினார்கள். ராஜபாண்டியை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். காரியம் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நதியாவுக்கு நெற்றியில் தையல், தமிழ்மாறனுக்கு உள்ளங்கையில் தையல். அடித்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது நதியா பதில் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊருக்கு அப்படி நினைத்துக்கொள்வது வசதி.

மறுநாள் உச்சிவெயிலில் பிணம் திரும்பி வந்தது. வெள்ளைத் துணியில் முகம் மட்டும் தெரிய வைத்திருந்தார்கள். நீலம் அப்படியே இருந்தது.

நீர்மாலைக்கு யார் போவது என்று பேச்சு வந்தது. பிள்ளை இல்லாதவனுக்கு உடன்பிறந்தவன்தான் குளித்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்ட வேண்டும். கொள்ளியும் அவன்தான். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜபாண்டி பந்தல் காலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஒரே நாளில் ஆள் பாதியாகிவிட்டான்.

"நான் தொடமாட்டேன்" என்றான் தரையைப் பார்த்து. "நான் அவனத் தொடக் கூடாது. பங்காளிக யாராவது செய்யிங்க."

"பெரியவுகதான் செய்யணும்" என்றாள் நதியா.

அவ்வளவுதான் சொன்னாள். சந்தனம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள்.

அவன் எழுந்து போனான். ஊர்ப் பொதுக்குழாயில் குளித்துவிட்டு, குடத்தைத் தோளில் வைத்து வந்தான். தலைக்கு மேலே நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்து வந்தார்கள். முன்னால் சங்கும் மேளமும். ஈர வேட்டி காலில் ஒட்டியதால் அவனால் எட்டு வைத்து நடக்க முடியவில்லை. தெருவில் நின்றவர்கள் யாரும் அவனோடு பேசவில்லை. வாசலுக்கு வந்ததும் மேளம் நின்றது. நாலு பேரும் வேட்டியை மடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ராஜபாண்டி தம்பியின் தலைமாட்டுக்கு வந்து குடத்தை இறக்கப் போனான்.

"ஊத்த வேணாம்" என்றாள் நதியா.

அவன் நிமிர்ந்தான்.

நதியா முத்துலட்சுமியைப் பார்த்தாள். "அதப் பாருங்க மொதல்ல."

முத்துலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. "மதினி... இது ஊருக் குழாய்த் தண்ணி. போன வாரந்தான் அந்தத் தொட்டித் தண்ணியச் சோதிச்சேன்..."

"பாருங்க."

செத்தவனைக் குளிப்பாட்டுகிற தண்ணீரில் என்ன இருந்தால் என்ன? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. முத்துலட்சுமி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். ராஜபாண்டியின் தோளில் இருந்த குடத்தின் வாயில் கையை விட்டுக் குழாயில் தண்ணீர் எடுத்தாள். அண்ணனின் முகம் அவள் முகத்துக்கு அருகிலேயே இருந்தது. இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. முதல் மருந்தை விட்டாள். குலுக்கினாள். இரண்டாவதை விட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நதியா கேட்டாள்.

"கொஞ்ச நேரம் பொறுக்கணும் மதினி."

"பொறுப்போம்."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. இம்முறை "பாத்துப்பா" என்று சொல்லவும் ஆளில்லை. வெயில் சுட்டெரித்தது. ராஜபாண்டி குடத்தை இறக்கவில்லை, தோள் மாற்றவும் இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குடத்திலிருந்து வழிந்த தண்ணீர் அவன் நெஞ்சில் இறங்கி மண்ணில் சொட்டியது.

குழாயில் நிறம் வரவில்லை. நேரம் கடந்தும் வரவில்லை. முத்துலட்சுமி அதை உயர்த்திக் காட்டினாள். நதியா கையை நீட்டிக் குழாயை வாங்கிக்கொண்டாள். வெயிலுக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல தண்ணிதான் மதினி" என்றாள் முத்துலட்சுமி மெதுவாக.

நதியா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ராஜபாண்டி சரிந்த குடத்தை இன்னொரு கையால் நிமிர்த்திப் பிடித்தான்.

"இன்னுங் கொஞ்ச நேரம் பாப்போம்" என்றாள்.